டார்ச் அக்காவின் தியேட்டர் சுற்றுலா

பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. கோட்டை வேண்டாம், பூங்கா வேண்டாம், கடைத்தெரு வேண்டாம். தியேட்டர் பார்க்க வேண்டும் என்பார்கள். என்ன படம் ஓடுகிறது என்று கேட்கக்கூட மாட்டார்கள். சொந்த வீட்டில் நாற்காலிக் கால் உடைந்து கிடந்தால் திரும்பிப் பார்க்காத மனிதர்கள், ஊர் விட்டு ஊர் வந்து பால்கனி நாற்காலியைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். இந்தப் பைத்தியங்களைக் கட்டி மேய்ப்பதுதான் டார்ச் அக்காவின் பிழைப்பு.

இளவயதில் ஒரு தியேட்டரில் சீட் காட்டும் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிறகு ஒரு சுற்றுலா அலுவலகம் அவளை வழிகாட்டியாகப் போட்டுக்கொண்டது. வேன் ஓட்டுவது அவள் மகள். அம்மா பேசுவாள், மகள் ஓட்டுவாள். வேனில் ஏறியதுமே அக்கா யோசனைகளை அள்ளி விட ஆரம்பித்துவிடுவாள். முதல் காட்சிக்குப் போகாதீர்கள், அப்போதுதான் ஏசி போட்டிருப்பார்கள், முந்தின நாள் வாடை போயிருக்காது. மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள், எங்கே வழவழவென்று இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் காத்து நின்றிருக்கிறது. நடு வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், பால்கனி ஓரத்தில் உட்கார்ந்தால் படத்தோடு சேர்த்து ஜனங்களையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், படம் ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே போங்கள். விளக்கு எரியும்போது போனால் அது வெறும் பெரிய ஹால். இருட்டுக்குள் கதவைத் தள்ளும்போது திரை பளிச்சென்று முகத்தில் அடிக்கிறதே, அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

சீட் காட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டார்ச்சைத் தனக்கு முன்னால் அடிக்க மாட்டார்கள். கையைப் பின்னுக்கு வைத்து, வருகிறவர்களின் காலடியில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு, தான் மட்டும் பழக்கத்தில் இருட்டில் நடப்பார்கள். வழிகாட்டியான பிறகும் அக்கா அப்படித்தான் நடப்பாள். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போவார்கள்.

அதனால்தான் அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

சில மாதங்களாகவே அப்படி. பகலில் ஒரு குறையும் இல்லை. தியேட்டர் கதவைத் தள்ளியதும் திரை மட்டும் எங்கோ தொலைவில் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரியும், சுற்றிலும் கறுப்பு. டார்ச்சைத் தனக்கு முன்னால் அடித்தாலும் ஒரு குவளை வாய் அகலத்துக்கு மேல் எதுவும் புலப்படாது. இடது கையால் ஒவ்வொரு நாற்காலி முதுகையும் லேசாகத் தட்டிக்கொண்டே போவாள். யாராவது கேட்டால், "வெயில்ல இருந்து வந்தேன்ல, அதான்" என்று பூசி மெழுகிவிடுவாள்.

அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது பட்டப்பகலில் சாப்பாட்டுத் தட்டைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். இது குடும்பத்தில் வருகிற நோய், கூடப் பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். அக்கா போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பாதி பயம்தான். தனக்கு வந்திருக்கிறது என்று ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அடுத்த பேச்சு மகளைப் பற்றித்தான் வரும். இருபத்தைந்து வயதுப் பெண், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பாட்டு முணுமுணுக்கிறவள். அவள் தலையில் இந்தக் கல்லைத் தூக்கிப் போட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அன்றைக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு தாடிக்காரர், கழுத்தில் கேமராவோடு, எந்த ஊரில் எந்தத் தியேட்டருக்கு எத்தனை வாசல் என்பதைக் கேட்காமலே ஒப்பித்துக்கொண்டு வந்தார். அவர்கள் போன தியேட்டர் பழுதுபார்க்க மூடிக் கிடந்து, அப்போதுதான் திறந்திருந்தது. அப்படித் திறந்தால் அக்கா முதல் நாளே தனியாகப் போய் உள்ளே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருவாள். இந்தத் தடவை அலுவலக மேலாளர் தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கண்ணெதிரே தட்டித் தடவி நிற்பதாவது? நமக்குத் தெரியாத தியேட்டரா என்று போகாமல் இருந்துவிட்டாள். மேலாளர் சுற்றுலா அன்றைக்கே வந்து சேர்ந்துகொண்டார்.

தியேட்டர்காரர்கள் பழைய நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு சோபா போட்டிருந்தார்கள். நடுவில் இருந்த நடைபாதையை ஓரத்துக்குத் தள்ளி, அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். அக்கா வழக்கம்போல டார்ச்சைப் பின்னால் பிடித்துக்கொண்டு, பழைய கணக்கிலேயே விறுவிறுவென்று நடந்தாள். இடது கைக்கு ஒரு நாற்காலியும் அகப்படவில்லையே என்று நினைப்பதற்குள் கால் இடறி, மேடை விளிம்பில் தாடை மோத விழுந்தாள். டார்ச் எங்கோ உருண்டது. சோபாவில் இருந்த யாரோ முதலில் சிரித்து, பிறகு ஐயோ என்றார்கள். தாடிக்காரர் வேனில் இருந்த மகளைக் கூப்பிட வெளியே ஓடினார்.

அக்கா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மகள் வந்து கையைப் பிடித்ததும் கால் வழுக்கியது என்று சொல்லிவிடலாம் என்று சப்பைக்கட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு திறந்து மூடியது. தாடிக்காரரின் பூட்ஸ் சத்தம் தடதடவென்று நேராக அவளிடம் வந்து நின்றது. மகளுடைய செருப்புச் சத்தம் இரண்டு அடி வந்தது, நின்றது. மறுபடி ஓர் அடி.

வெயிலில் இருந்து வந்தால் யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும். அது பழக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. எத்தனை ஆயிரம் பேருக்கு சீட் காட்டியவள். அந்த நேரம் கடந்தது. இன்னொரு மடங்கும் கடந்தது. அப்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சோபா முதுகுகளை ஒரு கை தட்டிக்கொண்டு வந்தது. தட்டு, ஓர் அடி. தட்டு, ஓர் அடி.

அக்கா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். திரையில் ஏதோ பகல் காட்சி வந்து ஹால் முழுக்க வெள்ளையாயிற்று. கைக்கு எட்டும் தூரத்தில் மகள் நின்றிருந்தாள். கண்களை அகல விரித்து, அம்மா இல்லாத பக்கமாகப் பார்த்து, "அம்மா, எங்க இருக்க?" என்று கேட்டாள்.

தாடிக்காரர்தான் இருவரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். மேலாளர் தண்ணீர் வாங்கி வர ஓடினார். வெளியே பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஆறு பேரையும் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். மகள் கைக்குட்டையை நனைத்து அம்மாவின் தாடையைத் துடைத்துவிட்டு, வேன் கதவைத் திறக்கப் போனாள்.

"சாவியக் குடு பாப்பா."

"எதுக்கும்மா? ஏறு, டாக்டர்கிட்ட போலாம்."

"எத்தனை நாளா உனக்கு இப்படி இருக்கு?"

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. "வெயில்ல இருந்து உள்ள வந்தேன்ல, அதான்."

தன் பொய்யைத் தன் பிள்ளையின் வாயால் கேட்டாள் அக்கா. எனக்கு இருட்டில் ஒன்றும் தெரிவதில்லை, மாமாவுக்கு வந்ததுதான், மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தண்ணீர் பாட்டிலோடு மேலாளர் பின்னால் வந்து நின்றது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

மகள் வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியும்மா. ஒரு நாள் உள்ள வந்தப்போ நீ சீட்டத் தட்டிக்கிட்டு நடக்கற சத்தத்தக் கேட்டுத்தான் எனக்கும் இதுதான்னு புரிஞ்சுது. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

அவள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பகல்ல நல்லாத் தெரியுதும்மா. இந்த ரோடு எனக்கு மனப்பாடம்."

"எனக்கும் இந்தத் தியேட்டர் மனப்பாடம்தான்" என்றாள் அக்கா.

மகள் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஆறு பேரும் ஒன்றும் புரியாமல் நடைபாதையில் நிற்க, அக்கா மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இறுக மூடிய அந்தக் கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.