சிங்கமுக நாற்காலி

எங்கள் வீட்டில் இல்லாத ஒரு நாற்காலிக்கு இருந்த மரியாதை, இருந்த எந்த நாற்காலிக்கும் கிடையாது. கூடத்துச் சுவரில் தொங்கிய பழைய புகைப்படத்தில் அது இருந்தது. நான் பார்த்தேயிராத தாத்தா அதில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு சித்தப்பா. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளும் சிங்கமுகத்தில் முடியும். பின்னால் ஒரு மாடிப்படி தெரியும். படத்தில் அப்பா இல்லை. சின்ன வயதிலேயே அவரை வளவனூர் மாமன் வீட்டுக்கு வளர அனுப்பிவிட்டார்கள்.

பாகம் பிரித்தபோது அந்த நாற்காலியைத் திண்டிவனத்துச் சித்தப்பா ஒளித்துவைத்துக்கொண்டார் என்பது அப்பாவின் கட்சி. சொந்தக்காரர்கள் நாலு பேர் எதிரில் அதைச் சொல்லியும்விட்டார். சித்தப்பா மறுக்கவுமில்லை, நாற்காலியைக் காட்டவுமில்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. போதாக்குறைக்கு, புதுச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கும் ஒருவரிடம் அப்பா படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்க் காட்டினார். வெள்ளைக்காரன் காலத்து வேலை, பர்மா தேக்கு என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். கறுப்புவெள்ளைப் படத்தில் மரம் இன்னதென்று எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் வழக்கத்தில் பந்தக்கால் நடப் பங்காளி கை வைக்க வேண்டும். அப்பாவுக்கு இருந்த ஒரே பங்காளி சித்தப்பாதான். அவர் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அக்கா சோற்றுத் தட்டை நகர்த்திவைத்தாள். முதலில் நாற்காலி வரட்டும் என்றார் அப்பா. எனக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. என் கவலை அது.

இந்த லட்சணத்தில்தான் தேதி பேச விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் நானும் போனோம். காராபூந்தி தின்றுகொண்டே சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்த நான், "அப்பா, நம்ம நாற்காலி" என்று கத்திவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் அதே சிங்கங்களின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் மாடிப்படி வரைந்த அதே திரை.

அப்பா எழுந்துபோய்ப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

"அது ஸ்டுடியோ நாற்காலிங்க. அந்தக் காலத்துல இந்த ஊர்ல பாதிப் பேரு அதுல ஒக்காந்துக்கினுதான் போட்டோ புடிச்சாங்க."

அப்பா ஆமாம் ஆமாம் என்றார். காபியை ஆறவிட்டார். வெளியே வந்ததும் அம்மாவை வீட்டுக்குப் போக வளவனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துண்டால் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பெரியவளுக்குப் பந்தக்கால் நடணும். நீதான்டா வரணும்."

"வர்றேண்ணா" என்றார் சித்தப்பா. நாற்காலியைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை.

அப்பா கைகால் கழுவப் போனதும், நான் பொறுக்கமாட்டாமல் விழுப்புரத்தில் கண்டதைச் சொன்னேன். சித்தப்பா ஆச்சரியப்படவில்லை. ஸ்டுடியோவில் சிங்கத்தைப் பார்த்துத் தான் அழுததும், போட்டோக்காரர் அதட்டியதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கப்பாவப் பத்திச் சொல்லிக்க உங்கப்பாவுக்கு வேற இன்னா இருக்குது பாப்பா? நான் அவரு மடியில வளந்தவன். அந்த நாற்காலியாவது இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செய்யாத திருட்டுக்குப் பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்த சித்தப்பாவைப் போல ஓர் ஏமாளி திண்டிவனத்திலேயே இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.