சொல்லிக்கொண்டு கிளம்புவது

தங்கவயலில் சுரங்கத்தை இழுத்து மூடிய கொஞ்ச நாளில் எனக்குப் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இடம் கிடைத்தது. வேலை என்று சொல்ல முடியாது. முதலில் ட்ரெயினிங், கடைசியில் ஒரு பரீட்சை, அதில் தேறினால்தான் வேலை. இங்கிலாந்தில் தோட்டச் சாமான்களைத் தபாலில் வரவழைக்கிறவர்கள் போன் செய்வார்கள். அந்தப் போனை அல்சூர் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்து நாங்கள் எடுப்போம். மண்வெட்டி வரவில்லை, ரோஜாச் செடி வாடி வந்தது என்று அவர்கள் புலம்பினால் சமாதானம் சொல்ல வேண்டும். வாயாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் இந்த வாய்க்காக நான் வாங்காத அடியா?

ஆனால் வீட்டில் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுடையது. சுரங்க வேலை போனதும், பெங்களூரில் ஏதோ கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்க அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்லி யூனிஃபார்மும் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்செல்லாம் சுரங்கத்துத் தூசி. குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்குவார். அந்த மனிதர் விடியற்காலை ரயில் கூட்டத்தில் நசுங்கிப் போய், பகலெல்லாம் வெயிலில் நின்று, திரும்பவும் நசுங்கி வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நான் பாஸ் பண்ணிட்டா அந்தச் சட்டைய திருப்பிக் குடுத்துடணும், ஆமா" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

"மொதல்ல பாஸ் பண்ணும்மா. அப்புறமா அதிகாரம் பண்ணு" என்றார்.

எங்கள் ட்ரெயினர் மேடம், பெங்களூரில் வசதியானவர்கள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். கழுத்தளவு வெட்டிய முடி, இஸ்திரி கலையாத காட்டன் புடவை. அவர் வாயிலிருந்து இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை வந்து நாங்கள் கேட்டதே இல்லை. முதல் நாளே எங்கள் எல்லோருடைய இங்கிலீஷையும் பிரித்துப் போட்டுவிட்டார். அதுவரை எனக்கு என் இங்கிலீஷ் மேல் அப்படி ஒரு கர்வம். வெள்ளைக்காரத் துரைமார்கள் இருந்த ஊர் எங்கள் தங்கவயல், எங்களுக்கா இங்கிலீஷ் தெரியாது என்ற திமிர்.

கையைத் தூக்கி, "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" என்றேன். டவுட் வேண்டாம், கொஸ்டின் போதும், அதிலும் ஹேவிங் வேண்டாம், ஹேவ் போதும் என்றார். 'டுடே மார்னிங்' கூடாதாம், 'திஸ் மார்னிங்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி, போகட்டும். 'யெஸ்டர்டே நைட்' கூடாது, 'லாஸ்ட் நைட்' என்றாரே, அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று ராத்திரி நேற்று ராத்திரிதானே, அது எப்படிக் கடைசி ராத்திரி ஆகும், அதற்கப்புறம் ராத்திரியே வராதா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மல்லுக்கு நின்றேன். வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நாம் பேசுவது தப்பு இல்லை, இந்த ஊரில் அது நன்றாகவே செல்லும், போனின் அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் அது விளங்காது என்று பொறுமையாகச் சொன்னார்.

இன்னொரு நாள், ஹாசன் பக்கத்துப் பையன் ஒருவன் தாத்தா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று சொல்லி லீவு கேட்டான். மேடம் லீவைக் கொடுத்துவிட்டு, பால் பாக்கெட்தான் எக்ஸ்பயர் ஆகும், மனிதர்கள் பாஸ் அவே ஆவார்கள் என்று போர்டில் எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எத்தனை சாவுக்கு 'எக்ஸ்பயர்ட்' என்று தந்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

எல்லாவற்றையும்விட மேடம் அதிகம் அடித்துச் சொன்னது இரண்டு விஷயங்கள். ஒன்று, எதற்கெடுத்தாலும் 'ஒன்லி' போடக் கூடாது. 'ஹியர் ஒன்லி', 'டுமாரோ ஒன்லி' எல்லாம் காதில் விழுந்தால் முறைப்பார். இரண்டாவது, போன் பேசி முடிக்கும்போது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, கூப்பிட்டதற்கு நன்றி சொல்லி, 'ஹேவ் எ லவ்லி டே' என்று முடித்தே ஆகவேண்டும். முடிக்காவிட்டால் அதற்கு 'ஃபேட்டல்' என்று பெயர். மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் ஃபெயில்தான். நாமாகப் போனை வைக்கவும் கூடாது, அவர்கள் வைத்த பிறகுதான் வைக்க வேண்டும்.

தினமும் பெங்களூர் போய்வரும் ரயிலில் எனக்கு ஒரு அக்கா துணை. ஏதோ அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். நான் ட்ரெயினிங் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து, தன் கர்ச்சீப்பைப் போட்டு எனக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைப்பார். எங்கள் ரயிலில் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும்தான் ஜன்னலோரம். சீட் கொடுத்ததற்குக் கூலியாக அவரே கஸ்டமராகிவிடுவார். கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏய், என் மம்முட்டி இன்னாடி ஆச்சு? எப்ப அனுப்புவ? கைண்ட்லி டூ த நீட்ஃபுல்!" என்று ஆபீஸ் கடிதத்தில் அடிக்கிற வரியையும் சேர்த்துக் கத்துவார்.

"அக்கா, வெள்ளைக்காரங்க நீட்ஃபுல்லு சொல்ல மாட்டாங்களாம்" என்பேன்.

"பின்ன இன்னா சொல்லுவாங்க? இருவது வருஷமா நான் அதான்டி அடிக்கிறேன்!"

பெட்டியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். வடை விற்கிறவரிடம் வாங்கிவிட்டு நான் 'ஹேவ் எ லவ்லி டே' என்றால், "சில்லறைய குடும்மா மொதல்ல" என்பார். வீட்டிலும் விடமாட்டேன். அப்பாவுக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்து, நான் கஸ்டமர் போலப் பேசுவேன். அவர் 'ஹேவ் எ' என்று ஆரம்பிப்பதற்குள் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகிவிடும். ஒரு தடவைகூட அந்த வரியை அவர் முழுசாகச் சொல்லவில்லை.

பரீட்சை அன்று மத்தியானம். நிஜக் கஸ்டமருடன் நிஜப் போன், மேடம் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். என் கண் முன்னால் அந்த நீலச் சட்டைதான் நின்றது.

அந்தப் பக்கம் ஒரு அம்மாள். வயசான குரல். கணவர் போன வாரம் இறந்துவிட்டார், அவர் பேரில் இருக்கும் கணக்கை மூட வேண்டும், அவர் ஆர்டர் செய்த ரப்பர் பூட்ஸ் இனி வேண்டாம் என்றார். நான் எக்ஸ்பயர் என்று உளறவில்லை. வருத்தத்தைச் சொன்னேன், பெயர் முகவரி சரிபார்த்தேன், கணக்கை மூடினேன், பூட்ஸை ரத்து செய்தேன். மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தார். இனி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த வீட்டுக்கு மறுபடி அப்படி ஒரு காரியத்துக்கு வருவோம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். சின்ன வயசிலிருந்து எத்தனை வீட்டிலிருந்து அப்படி எழுந்து வந்திருக்கிறேன்! அது உடம்பில் ஊறிப் போயிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் லவ்லி டே என்பதா? வேறென்ன உதவி வேண்டும், கூப்பிட்டதற்கு நன்றி என்பதா? சரி, பேசாமல் எழுந்து போகலாம் என்றால் போனில் எப்படி எழுந்து போவது? நானாக வைக்கவும் கூடாது. அந்த அம்மாளோ நான் ஏதாவது சொல்லி முடிப்பேன் என்று காத்திருக்கிறார் போல. மேடம் காகிதத்தில் 'க்ளோஸ்' என்று எழுதி என் முன்னால் தட்டினார். அப்புறம் அடிக்கோடு போட்டுத் தட்டினார்.

"ஆர் யூ ஸ்டில் தேர், லவ்?" என்று அந்தக் குரல் பிரியமாகக் கேட்டது.

"யெஸ் மேம். ஹியர் ஒன்லி" என்றேன். போச்சு, ஒன்லியும் வந்துவிட்டது.

அந்த அம்மாள் மெல்லச் சிரித்தார். பிறகு அந்த பூட்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் கணவர் எப்போதும் பெரிய அளவாகத்தான் வாங்குவாராம், உள்ளே இரண்டு ஜோடி காலுறை போடுவாராம், நடந்தால் பொளக் பொளக்கென்று சத்தம் கேட்குமாம், அந்தச் சத்தம் இல்லாமல் தோட்டமே என்னவோ போல் இருக்கிறதாம். நான் உம் கொட்டினேன். சாவு வீட்டில் அதைத்தானே செய்வோம்? பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டுவோம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அவரே, சரி, டீக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவரும் பை என்று சொல்லவில்லை.

மேடம் ஹெட்செட்டைக் கழற்றினார். ஏன் முடிக்கவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். சாவு வீடு, சொல்லிக்கொள்வது, திரும்பிப் பார்க்காமல் வருவது எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்கப் பார்த்தேன். இத்தனை நாள் படித்த இங்கிலீஷ் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "இன் டெத் ஹவுஸ் வி ஆர் நாட் டெல்லிங், மேம்" என்று சொல்லி அழுதே விட்டேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"எங்க வீட்லயும் சொல்ல மாட்டோம்மா" என்றார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் தமிழ். "அதுக்காக கம்பெனிக்காரன் ரூல மாத்துவானா? ஃபேட்டல்னா ஃபேட்டல்தான். நான் மார்க் போட முடியாது."

"அய்யோ மேடம், எங்க அப்பா..."

"முழுசா கேளு. ஒருத்தருக்கு ஒரு ரீ-டெஸ்ட் உண்டு. நாளைக்கு வா. மூஞ்சியக் கழுவிட்டு வா. நாளைக்கும் எவனாவது செத்துட்டான்னு போன் வந்தா, அந்தப் போனை நானே எடுத்துக்குறேன், போதுமா?"

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் ரயிலில் அக்கா கஸ்டமர் வேஷம் போடவில்லை. ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு, "கம்முனு காத்து வாங்கிக்கினு வாடி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு வந்தவர் தண்ணீர்க் குழாய் ஓட்டை என்று கொதித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர். என் தெய்வமே, என்ன அழகாகத் திட்டினார்! அவர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மனிதர் வீட்டில் எல்லோரும் நன்றாக உயிரோடு இருக்கிறார்கள். புதுக் குழாய் அனுப்ப ஏற்பாடு செய்து, வேறு உதவி கேட்டு, நன்றி சொல்லி, 'ஹேவ் எ லவ்லி டே' என்று மனசாரச் சொன்னேன். அந்த மனிதரே ஒரு நிமிஷம் திகைத்துப் போய், உனக்கும் அப்படியே என்றார். மேடம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி இங்கிலீஷுக்குப் போய், "வெல்கம் அபோர்டு" என்றார். நான் பாஸ்!

அப்பா சட்டையைத் துவைத்து மடித்து, ரயிலடியில் செக்யூரிட்டிக்கு ஆள் பிடிக்கிறவரிடம் அவர் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார்.

முதல் தேதி காலையில் ஆணி வெறுமனே இருந்தது. நான் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்பா" என்றேன். அப்பா லுங்கியோடு வாசலில் வந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை, இருமவில்லை.

"ஹேவ் எ லவ்லி டே" என்றார், ஒரே மூச்சில்.