புரட்டாசியில் அத்தை பசியாறியது

என் மாமியார் இந்த வருடம் புரட்டாசியில் முட்டை சாப்பிட்டார். அந்த மாதம் முழுக்கக் கவுச்சியே தொடாதவர். ஊட்டிவிடாத குறையாக அவரைச் சாப்பிட வைத்தவன் நான். வீட்டில் யாரும் இதை எடுத்துப் பேசுவதில்லை. இரண்டு வார்த்தை திட்டினாலாவது தேவலை.

எனக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அத்தை புக்கிட் தெங்காவில் மச்சான் வீட்டில் இருந்தார். ரத்தத்தில் சீனி ஏறி, காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் நின்றதும் மனைவி அவரை ஜார்ஜ் டவுனுக்கு, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். சோறு, ரொட்டி, மாவுப் பண்டம் எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மனைவிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். நான் சாவகாசமாகக் கிளம்புகிறவன்.

"காலைப் பசியாறலை என்கிட்ட விடு லா. அத்தையோட சீனியை நான் எறக்கிக் காட்டுறேன்" என்றேன். எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம்.

வெண்ணெய்ப்பழத்தை, அதாவது அவகாடோவை, இந்த ஊரில் பாலும் சீனிப்பாகும் ஊற்றி அடித்துக் குடிப்பார்கள். நான் கைப்பேசியில் வேறு வித்தை பார்த்து வைத்திருந்தேன். பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, குழிக்குள் முட்டையை உடைத்து ஊற்றி மின்சார அடுப்புப் பெட்டிக்குள் வேகவைப்பது. முதல் தடவை பழம் உருண்டு முட்டை முழுக்கத் தட்டில் ஓடிவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது. அடியில் கொஞ்சம் சீவிவிட்டால் பழம் ஆடாமல் உட்காரும். குழியையும் கரண்டியால் சற்று அகலப்படுத்த வேண்டும். மேலே உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய், இரண்டு கறிவேப்பிலை. வெள்ளை இறுகி, மஞ்சள் மட்டும் குழைவாக நிற்கும்போது வெளியே எடுத்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அதை அத்தை முன்னால் வைத்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முட்டையா மாப்பிள்ளை?"

"முட்டையேதான் அத்தை! கொழுப்பு ஏறும்னு பயப்படாதீங்க, அதெல்லாம் பழைய கதை. தைரியமா சாப்பிடுங்க."

அவர் சாமி அலமாரிப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கினார். ருசியில் சொக்கிப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன். அட மடையா! சாப்பிட்டு முடித்ததும் குளியலறையில் வெகுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பழம் வழவழப்பு, பல்லில் ஒட்டியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அதே பசியாறல்தான். "எப்படி இருக்கு அத்தை?" என்று தினமும் கேட்டேன். "நல்லா இருக்குங்க மாப்பிள்ளை" என்றார் தினமும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வழக்கப்படி சைவம் என்பதால் முட்டை இல்லாமல் பழத்தில் உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டார். அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

என்னைப் பெற்ற வீட்டில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கணக்கு. புரட்டாசி என்றால் சந்தையில் கோழிக்கடையில் கூட்டம் குறையும் மாதம், அவ்வளவுதான். அது பிறந்ததையே நான் கவனிக்கவில்லை. வீட்டில் கறி, மீன் சமைக்காததைக்கூட அத்தையின் சீனிக்கான பத்தியம் என்று எடுத்துக்கொண்டேன். இது எங்களுக்கு முதல் புரட்டாசி. எனக்குத் தெரியும் என்று மனைவி நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. எழுந்து வந்தவள், நான் முட்டையும் கையுமாக நிற்பதைப் பார்த்தாள்.

"யாருக்குங்க அது?"

"அத்தைக்குத்தான். இந்த வாரம் பூரா நம்ம கைப்பக்குவம்தான்" என்றேன், இளித்துக்கொண்டு.

"அம்மாவுக்கு முட்டையா? புரட்டாசியிலயா?"

அத்தை அறையிலிருந்து அவசரமாக வந்தார். "சத்தம் போடாதடீ. மாப்பிள்ளை காலங்காத்தால தன் கையால செஞ்சு வைக்கிறாரு. தட்டை எப்படித் தள்றது? பாவம், அவருக்குத் தெரியாதுல்ல."

அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. மனைவி என்னைத் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "நான் கைக்கொழந்தையா மூச்சுத் திணறிக் கெடந்தப்ப அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கிட்டதுங்க. நான் பொழைச்சுட்டா, சாகுற வரைக்கும் புரட்டாசியில சுத்தமா இருக்கேன்னு. ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

என் மனைவியின் உயிருக்காகப் பிடித்த விரதம். அதை நான் மிளகுத்தூள் தூவி உடைத்திருக்கிறேன். கையில் இருந்த முட்டையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போய் நின்றேன்.

அன்றே மூவரும் பெருமாள் கோயிலுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தை தயங்கினார். "கால் வலிக்குது மாப்பிள்ளை. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." கால் வலிக்கிறவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் மதிலோரம் வெயிலில், கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றார். நானோ அந்த வாரம் அத்தையோடு சேர்ந்து நாலு நாளும் அந்த முட்டையைத் தின்றவன். வியாழக்கிழமை மத்தியானம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கோழிக்குழம்பு ஊற்றி நாசி கண்டார் சோறு அடித்தவன். என்னை யாரும் தடுக்கவில்லை. சன்னதிக்கு முன்னால் போய் நின்றேன், தீர்த்தம் வாங்கினேன். பெருமாள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அர்ச்சகர் கையில் வைத்த துளசியை மட்டும் பத்திரமாக மூடி வெளியே கொண்டுவந்தேன்.

"இந்தாங்க அத்தை."

அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப வேணாங்க மாப்பிள்ளை. அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன்."

என் கையால் கொடுத்து அத்தை வேண்டாம் என்று சொன்ன முதல் பொருள் அதுதான்.