குலுக்கலில் வராத பேர்

“போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை பார்த்தீங்களா?”

சர்வே மேடம் இதைக் கேட்கும்போது என்னைப் பார்க்க மாட்டார். கையில் இருக்கும் டேப்லெட்டைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. என் சம்சாரம் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் துண்டை விரித்துப் போடுவாள். மேடம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து அதில் உட்காருவார். கதவை மூடினால் மூச்சு முட்டும். அதனால் திறந்தே கிடக்கும். எதிர்வீடு கைக்கெட்டும் தூரத்தில். அவர் கேட்பது சந்துக்கே கேட்கும். நான் “இல்ல மேடம்” என்று சொல்வதும் சந்துக்கே கேட்கும். முதல் தடவை கொஞ்சம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

எனக்குப் படிப்பு நாலாம் கிளாஸோடு நின்றது. தாராவியில் தோல் பைக்குத் தோல் வெட்டுவதுதான் நான் கற்றுக்கொண்ட வேலை. சேட் பட்டறையை மூடிவிட்டு ஊருக்கு வெளியே எங்கேயோ மெஷின் போட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் எனக்கு நிலையான வேலை இல்லை. காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் நாக்காவில் போய் நிற்பேன். தாடையில் நரை தெரிந்தால் கான்ட்ராக்டர் அடுத்த ஆளிடம் போய்விடுவான். மாசத்தில் ஏதோ ஒரு நாள் கிடைக்கும். என் சம்சாரம் மாட்டுங்காவில் ஒரு பில்டிங்கில் சமையலுக்குப் போனாள். வீடு அதில் ஓடியது.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. ரொம்ப நாள் வேலை இல்லாமல் இருக்கிறவனை ஒரு கடைக்காரர் வேலைக்கு வைத்தால், கொஞ்ச மாசத்துக்குச் சம்பளத்தில் பாதியைத் திட்டக்காரர்கள் கொடுப்பார்கள். அதற்குள் ஆள் வேலையைப் பிடித்துக்கொள்வான், கடைக்காரரும் அப்படியே வைத்துக்கொள்வார் என்பது அவர்கள் நினைப்பு. இடம் கொஞ்சம், பேர் கொடுத்தவர்கள் நிறைய. மண்டபத்தில் வைத்துக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சீட்டு. மேடம்தான் எடுத்துப் படித்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி பேர் வந்தது. அவர் தையல் மெஷினில் இருந்தவர், என்னைப்போல்தான் வேலை போய் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் செம்பூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை போட்டார்கள். என் பேர் வரவில்லை. வாளியில் மிச்சம் கிடந்த சீட்டை ஒரு பையில் கொட்டி, வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த யாருக்கும் குலுக்கல் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

கொஞ்ச மாசம் கழித்து மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேர் வராத வீட்டுக்கு எதற்கு வருகிறார் என்று சந்தே யோசித்தது. அடுத்த குலுக்கலுக்கு ஆள் பார்க்க வருகிறார் என்று முடிவு செய்தது. கேள்விக்கு முன்னால் அவர் ஏதோ படிப்பார். சென்னையில் யாரோ புத்தகத் தமிழில் எழுதிக் கொடுத்தது. மேடம் பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்து இங்கிலீஷில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். “தாங்கள் அளிக்கும் விவரங்களால்...” என்று தொடங்கும். கோயிலில் மந்திரம் சொல்லும்போது நிற்பதுபோல் நாங்கள் சும்மா நிற்போம். முடிந்ததும் “சம்மதமா?” என்பார். “சம்மதம்” என்பேன்.

கேள்விகள் நிறைய. “வேலை தேட என்ன பண்ணீங்க?” என்று கேட்பார்.

“நாக்காவுக்குப் போனேன்.”

“அப்புறம்?”

“திரும்பி வந்தேன்.”

“அதுக்கு இதுல பட்டன் இல்லை அண்ணா” என்று ஒருநாள் சிரித்துவிட்டார். இன்னொரு கேள்வி உண்டு. மனசு எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். நான் அஞ்சு என்பேன்.

“எப்பவும் அஞ்சுதான் சொல்றீங்க.”

“நடுவுல இருந்தா தொந்தரவு இல்ல மேடம்.”

அதையே போட்டுக்கொள்வார். வேறு யாரும் அந்த நாளில் என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

வருவதற்கு முன்னால் போன் வரும், இந்த வாரம் வருகிறோம் என்று. அந்த வாரம் பேர் வராத யாரும் நாக்காவுக்குப் போக மாட்டோம். சவரம்கூடச் செய்ய மாட்டோம். லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்போம். வேலை இல்லாதவன் வேலை இல்லாதவனாகத் தெரிய வேண்டும். மேடம் வரும்போது ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றால் அவன் பேரை அடித்துவிடுவார் என்று பேச்சு. யார் கிளப்பியது என்று தெரியாது. எல்லாரும் நம்பினோம்.

மூன்றாவது தடவை போன் வந்தபோது எனக்கு ஒரு வேலை வந்தது. சம்சாரம் சமைக்கும் வீட்டுக்காரர் செம்பூரில் ஒரு அபார்ட்மென்ட் சொசைட்டியில் வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தார். நிலையான வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அதே வாரம்தான் சர்வே. என்ன செய்வது என்று எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் அப்போது வேலையில் இருந்தார். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்.

“ஒரு வாரம் பொறுல. வாட்ச்மேன் வேல எங்க ஓடிப்போவுது? மேடம் வந்து பாத்துட்டுப் போவட்டும். உன் பேரு வாளிக்குள்ளதான கெடக்கு.”

“திட்டத்துல வந்தா கடை வேல. ராத்திரி முழிக்க வேண்டாம்” என்றாள் சம்சாரம். எனக்குக் காய்ச்சல் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டாள். நான் வாசலில் உட்கார்ந்தேன்.

மேடம் வியாழக்கிழமை வந்தார். ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வேலை வந்தால் எப்போது சேர முடியும் என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து சம்சாரம் சொன்னாள். “இந்தத் திங்கக்கிழமையே சேர வேண்டியது மேடம். நீங்க வருவீங்கன்னுதான் போவல.”

மேடம் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார். பதறினால் அவருக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

“எதுக்குப் போகலை? நான் வர்றதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அடுத்த குலுக்கலுக்குத்தான்.”

“அடுத்த குலுக்கலே கிடையாது அண்ணா. பேரு வந்தவாளையும் வராதவாளையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். திட்டத்தால ஏதாவது வித்தியாசம் இருக்கான்னு தெரியணும். அதுக்குத்தான் உங்களண்ட வர்றேன். நீங்க வராதவா பக்கம். கடைசி வரைக்கும் அங்கதான்.”

“வாளியில மிச்சம் கெடந்த சீட்டு?”

“அதை அன்னிக்கே கிழிச்சாச்சு.”

சம்சாரம் அடுப்பை அணைத்தாள். “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா மேடம்.”

“ஒவ்வொரு தடவையும் படிச்சேனே...” என்று தொடங்கிய மேடம் நிறுத்திக்கொண்டார். “படிச்சேன். சொல்லலை” என்றார். பிறகு என்னிடம், “இப்பவே கிளம்புங்கோ. மீதிக் கேள்வி கிடக்கட்டும்” என்றார்.

“பாதியில விட்டா உங்கள ஏசுவாங்களே.”

“அது என் பாடு.”

சட்டையை மாட்டிக்கொண்டு சுனாபட்டி ஸ்டேஷன் வரை நடந்து ரயில் ஏறினேன். செம்பூரில் அந்த சொசைட்டி கேட்டில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். சின்ன வயசு. யாரைப் பார்க்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டான். யாரையும் இல்லை என்றேன். திரும்பி வரும்போது ரயிலில் வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குர்லாவில் கூட்டம் ஏறியது. நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அடுத்த தடவை மேடம் அந்தப் புத்தகத் தமிழைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, வாசலில் நின்றவர்களையும் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு அர்த்தம், நீங்க என்கிட்ட பேசறதால உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. வேலை வந்தா போயிடுங்க. எனக்காக யாரும் உட்காராதீங்க.” சிலர் நம்பினார்கள். சிலர், சும்மா சொல்கிறார், சோதிக்கிறார் என்றார்கள். மேடத்தின்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துத் துண்டு விரித்தோம். வழக்கம்போல்.

அதற்குள் அண்ணாச்சி வேலை போய் வீட்டோடு வந்துவிட்டார். பாதிச் சம்பளம் வருவது நின்ற மாசமே கடைக்காரர் அவரை அனுப்பிவிட்டார். பையில் பேனா மட்டும் அப்படியே இருந்தது. சர்வேயில் நல்லபடியாக வந்தால் திட்டத்தை நீட்டிப்பார்கள், ஏற்கெனவே வேலை பார்த்தவர்களை முதலில் கூப்பிடுவார்கள் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

கடைசித் தடவை மேடம் வரும்போது எனக்குத் தாதர் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்திருந்தது. நானே போய்க் கேட்டுச் சேர்ந்தது. விடியற்காலை போனால் மத்தியானம் வந்துவிடலாம். மேடம் வந்தபோது அப்போதுதான் குளித்துவிட்டு நின்றேன்.

“போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது...”

“பார்த்தேன் மேடம்.”

“எத்தனை நாள்?”

“எல்லா நாளும்.”

மேடம் முகம் மலர்ந்தது. அதற்குள் அண்ணாச்சி எதிர்வாசலில் வந்து நின்றார். “ஒரு சந்தேகம் மேடம். இவன் பேரு வராதவன். இவனுக்கு வேல கெடச்சுட்டுன்னு எழுதுனா, எங்க திட்டத்துக்கு நல்லதா, கெட்டதா?”

மேடம் டேப்பிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “பேரு வராதவங்களும் தானாவே வேலைக்குப் போயிட்டா, திட்டம் எதுக்குன்னு மேல கேப்பாங்க” என்றார்.

“லேய், அப்ப இல்லன்னு சொல்லு. இத்தன தடவ சொன்னவன்தான, இன்னும் ஒரு தடவ சொன்னா வாயா வலிக்கும்?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை நிலைப்படியைப் பிடித்திருந்தது. சம்சாரம் என்னைப் பார்த்தாள். அண்ணாச்சியிடம் நான் எதையும் மறுத்ததில்லை. மேடத்தின் விரல் டேப்பின்மேல் நின்றது.

“என்ன போடட்டும் அண்ணா?”

“பார்த்தேன்னு போடுங்க.”

போட்டார். அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். மனசுக்கு நம்பர் கேட்டபோது அஞ்சு என்றேன். மேடம் அதையும் போட்டார். தண்ணீர் குடித்தார். “வரட்டுமா அண்ணா” என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

திட்டம் நீளவில்லை. என் ஒருவன் பதிலால் நின்றிருக்காது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் அவருக்கு வேலை இல்லை. நான் விடியுமுன் கிளம்பும்போது பல் குச்சியோடு வெளியில் நிற்பார்.

“போறியால?”

“போறேன் அண்ணாச்சி.”

சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார். எங்கள் சந்தில் ஒரு ஆள் ஒதுங்கி நின்றால்தான் இன்னொரு ஆள் போக முடியும்.