டாக்டர் ஸுஹைனா ஒதுக்கி வைத்த படம்

நாவுலயில் பஸ்ஸுக்கு நின்றபோது டாக்டர் ஸுஹைனாவின் தம்பி எனக்குப் போன் எடுத்தார். "மேரி மிஸ், எங்க ராத்தா காலையில மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." மணி பத்தரை. மாத்தளை பஸ்ஸோ வந்தபாடில்லை. பதினொரு வருடம் என்னோடு ஒரே அறையில் வேலை செய்த டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய பல் கிளினிக்குக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வலிக்கிற இடத்திலெல்லாம் பல்லைப் பிடுங்க அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். தாடை மூட்டில் கோளாறா என்று பார்க்க வெப்பப் படக் கமரா ஒன்று வைத்திருந்தார். முகத்தில் எங்கே சூடு கூடியிருக்கிறது என்று அது நிறத்தில் காட்டும். படம் எடுப்பது என் வேலை. எடுக்குமுன் நோயாளியைக் கால் மணி நேரம் உட்காரவைத்து ஆயிரம் கேள்வி கேட்க வேண்டும். "கமராவுக்குச் சூடு மட்டுந்தான் தெரியும் மேரி. ஏன் சூடுன்னு நாமதான் கேக்கணும்" என்பார். வரிசை வாசல்வரை நிற்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை? எனக்கு இல்லை.

அப்படியொரு நாளில்தான் பல்லேபொலயிலிருந்து ஹனீபா நானா வந்தார். கறுவாப்பட்டை உரிக்கிறவர். இடது தாடையில் நாலு நாளாக வலி. படத்தில் இடது கன்னம் காதுவரை சிவப்பாகத் தெரிந்தது. அவர்மேல் கறுவா மணம் வீசியது. அந்தப் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் அந்த மணத்தோடுதான் வருவார்கள். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 'மூட்டு வீக்கம்' என்று துண்டுச் சீட்டில் எழுதி, "பயப்பட ஒண்ணுமில்ல நானா, மாத்திர தருவாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு நானாவின் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தார்.

"கன்னத்துல என்ன பூசினீங்க?"

"பொஞ்சாதி கறுவா எண்ணெ தேச்சுவிட்டா டாக்டர். வலி தாங்க ஏலாம."

படத்தில் தெரிந்த சிவப்பு அந்த எண்ணெயின் சூடு. டாக்டர் படத்தை ஒதுக்கி வைத்தார். "சாப்பிடக்குள்ள வலிக்குதா?"

"இல்ல."

"மேட்டுல ஏறக்குள்ள?"

"அப்பதான் வலி கூட. நின்டா கொறஞ்சிரும்."

நான் எழுதிய சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"மேரி, த்ரீவீல் கூப்பிடு. நானாவ ஒரு அடி நடக்க விடாத."

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பாதி வழியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. வலி தாடையில் இருந்தாலும் நோய் நெஞ்சில் இருந்தது. மாரடைப்பு என்றார்கள், பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து அழுதேன். டாக்டர் திட்டவில்லை. "அழுது முடிச்சதும் அடுத்த ஆள உள்ள எடு" என்றார். அவ்வளவுதான்.

அடக்கத்தன்று எப்படியோ நேரத்துக்குப் போய் முகம் பார்த்துவிட்டேன். வெளியே வந்தால் வாசலில் ஹனீபா நானா.

"மேரி மிஸ், அன்னைக்கு மொதல்ல சந்தேகப்பட்டது நீங்கதான்னு டாக்டர் சொன்னாங்க. தொழுகையில ஒங்களுக்கும் துஆ கேக்குறேன்."

இப்படிச் சொன்னதாக டாக்டர் என்னிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். நானா அதன் பின்னால் போய்விட்டார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். நானா, சந்தேகப்பட்டது நானில்லை. உங்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவள் நான். டாக்டர் எனக்கு வாங்கித் தந்துவிட்டுப் போனது உங்கள் துஆவை. வெட்கத்தோடு வைத்துக்கொள்கிறேன்.