வெற்றுத் தோட்டாவின் உதை

வல்லம் வடகாலில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேட்டில் காவல் நிற்கும் ஏசுதாஸ் வேறெதிலும் பொய் சொல்லாதவர். போலீஸின் பழைய மூணு நாட் மூணு துப்பாக்கி என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் அவர் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது.

“அந்தக் காலத்து பிளாங்க் தோட்டா கீதே, உள்ள குண்டே இருக்காது. ஆனா சுடும்போது அது தோள்ல உதைக்கிற உதையில பின்னால நிக்கிற தென்னைல நாலு காய் உதிரும்!”

“போன வாரம் ரெண்டு காய்னுல்லா சொன்னீய அண்ணாச்சி,” என்பாள் லைனில் வேலை பார்க்கும் மாரிசெல்வி, சோதனைக்குப் பையை நீட்டியபடி. “அடுத்த வாரம் மரமே சாஞ்சிருமோ?”

எல்லோரும் சிரிப்பார்கள். ஏசுதாஸ் மட்டும், உடன் காவல் பார்க்கும் தாண்டவராயனின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பொய்யே அவர் ஒருவருக்காகச் சமைத்ததுதான்.

இருவரும் ஒரே நாளில் போலீஸில் சேர்ந்து, ஓய்வுக்குப் பின் இங்கே காவலுக்கு வந்தவர்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு கலவர ஒத்திகை. ஐந்து பேர் வரிசையாக நின்று வெற்றுத் தோட்டா சுட்டார்கள். கலவரக் கூட்டமாக நடித்து விழுந்த சக போலீஸ்காரர்களில் கண்ணப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. பழைய பெட்டியில் ஒரே ஒரு குண்டுத் தோட்டா கலந்து கிடந்திருக்கிறது. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. உடம்பைத் துளைத்த குண்டு ஏரியில் போய் விழுந்துவிட்டதால், எந்தத் துப்பாக்கி என்று விசாரணையிலும் தெரியவில்லை.

ஏசுதாஸுக்குத் தெரியும். தன் துப்பாக்கி லேசாகத் தட்டிவிட்டு நின்றதும், பக்கத்தில் தாண்டவராயனின் தோள் பின்னுக்கு வாங்கியதும் ஒரே நொடி. அன்றே அவரிடம் போய்ச் சொன்னார்: “எனக்குந்தாண்டா உதைச்சுது. பழைய மருந்து, எல்லாமே உதைக்குது.” அன்று தொடங்கித் தேங்காய் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் பட்டாளத்திலிருந்து வந்து காவலுக்குச் சேர்ந்த ஸ்ரீதர் கதையைப் பாதியில் வெட்டினான்.

“இன்னாண்ணே ரீல் வுடுற? தள்றதுக்குக் குண்டு இல்ல, மருந்தும் கொஞ்சம். எதை வெச்சு உதைக்கும்? குண்டுத் தோட்டா போட்டாத்தான் தோளு பின்னால வாங்கும். ரெண்டையும் சுட்டவன் கண்ணை மூடிக்கினே சொல்லிடுவான்.”

ஏசுதாஸுக்குத் தாண்டவராயன் பக்கம் திரும்பத் துணிவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. “நீ இன்னாத்தைக் கண்ட ஸ்ரீதரு?” என்றார் தாண்டவராயன் நிதானமாக. “எங்க காலத்து மருந்தே வேற. நானுந்தான அங்க நின்னேன்? நாலு காய் இல்லடா, ஒரு குலையே உதிர்ந்துது.”

சொல்லும்போது அவருடைய இடது கை வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கை அங்கே போவதை இத்தனை வருடமும் வாத நோவு என்றே ஏசுதாஸ் நினைத்திருந்தார். அவனும் அன்றைக்கே தெரிந்தேதான் இருந்திருக்கிறான்.

“ஆமாண்டா, குலைதான்,” என்றார் ஏசுதாஸ்.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போனவருக்குக் கண் கலங்கித் தாழ்ப்பாள் கையில் அகப்படவில்லை.