எந்தத் தண்ணி என்று கேட்டவள்

நண்டு, உன்னை இந்தப் பேரால் கூப்பிட இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன். உன் அண்ணன் வைத்த பேர். எதையும் நேராகக் கேட்காமல் பக்கவாட்டில் போய்க் கேட்பாய் என்று வைத்தார். சபைக்கு நீ சலோமி அக்கா. எனக்கு நாத்தனார்.

சேதி போனில் வந்தது. காலையில் இறாலை வியாபாரியிடம் போட்டுவிட்டுக் கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். என் மகள் பிரிசில்லா, தான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மூச்சிரைப்புக்காகச் சலோமியை அங்கேதான் சேர்த்திருந்தோம். "அம்மா, அத்தை போயிட்டாங்க. கஷ்டப்படல. நான் கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன்" என்றாள். அழுதேன். ஆனால் பிரிசில்லாவின் கை அந்த இடத்தில் இருந்ததற்கு யார் காரணம் என்று நினைத்தபோது, அழுகைக்கு நடுவிலும் மனசு நிறைந்தது. சபையாரே, அதைத்தான் சலோமியைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் போன படகு திரும்பாத அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கரையில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றபோது, சலோமி என் தோளைப் பிடித்து, "அண்ணி, கர்த்தர் என்கிட்ட சொல்லிட்டாரு. அண்ணன் வந்துரும்" என்றாள். நான் அதை நம்பிச் சோறு வடித்து வைத்தேன். உடம்புதான் வந்தது.

அடக்கத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் அவள் எழுந்து நின்றாள். "அண்ணன் வந்துரும்னு நான் சொன்னது என் ஆசை. அதுக்கு ஆண்டவர் பேரப் போட்டுட்டேன். அண்ணி என்னை மன்னிக்கணும். சபையும் மன்னிக்கணும்" என்றாள். அண்ணனைப் பறிகொடுத்தவளை யாரும் குற்றம் சொல்லியிருக்கவில்லை. அவளாகவே நின்றாள். அதன் பிறகு "கர்த்தர் சொன்னார்" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. "எனக்குத் தோணுது, தப்பாவும் இருக்கலாம்" என்பாள். யாராவது "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று வந்தால், "சந்தோஷம். உனக்குப் புடிக்காதது எதுனா கடைசியா எப்போ சொன்னாரு?" என்று கேட்பாள். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் அவள் நடத்தும் அடுத்த உபவாச ஜெபம் வரை அவளோடு பேச மாட்டார்கள்.

பிரிசில்லாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த சமயம், நானும் சலோமியும் லைட்ஹவுஸ் குப்பத்தில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்கார அம்மா ஒருவரிடம், வெளியே போய்ப் படிக்கப்போகிற மகளுக்காக ஜெபிக்கச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, "உன் பிள்ளையைத் தண்ணீர் தாண்டி அனுப்பாதே என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார். புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்தவளுக்கு வேறு என்ன வார்த்தை வேண்டும்?

திரும்பப் படகில் ஏறும்போது சலோமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அண்ணி, தண்ணி தாண்டக் கூடாதுன்னாங்களே, இப்போ வூட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள். படகுக்காரர் சிரித்தார். "வாய மூடு, நண்டு" என்றேன். எங்கள் பசியாவரம், ஏரி நடுவே இருக்கிற தீவு. உப்பு வாங்கவும் படகுதான், பிள்ளை பெறவும் படகுதான். ஆனால் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் பிரிசில்லா கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அவள் அன்று இரவு சாப்பிடவில்லை.

"அவங்க ஊருக்குப் போறதுக்குள்ள போய்க் கேட்டுடலாம் வா. கேட்டா ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு" என்று சலோமி என்னை இழுத்துக்கொண்டு போனாள். கையில் ஒரு கூடை நண்டு. ஊழியக்கார அம்மாவிடம் கூடையை வைத்துவிட்டு, வழக்கம்போலப் பக்கவாட்டில்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, நாங்க இருக்கறதே தண்ணி நடுவுல. இந்தக் கூடையும் தண்ணி தாண்டித்தான் வந்துச்சி. பொண்ணு எந்தத் தண்ணியத் தாண்டக் கூடாது?"

"தீவா? எனக்குத் தெரியாதே" என்றார் அவர். "ஜெபிக்கிறப்போ தண்ணி தெரிஞ்சது நிஜம். இந்த அம்மா அழறதையும் பார்த்தேன். அனுப்பாதேன்னது... நானா சேர்த்துட்டேனோன்னு இப்போ பயமா இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் ஜெயித்ததுபோல நிமிர்ந்திருப்பார்கள். சலோமி அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். "நானும் அப்படித்தாம்மா சேத்துட்டேன், என் அண்ணனுக்கு" என்று எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்கள். பிறகு குழம்பு வைத்தோம். அந்த அம்மாவுக்கு நண்டு ஓட்டை உடைக்கத் தெரியவில்லை. சலோமிதான் உடைத்து உடைத்துக் கொடுத்தாள்.

"அப்போ அனுப்பலாமா? ஆண்டவர் இன்னாதான் சொல்றாரு, நீயே சொல்லு" என்று வழியில் கேட்டேன்.

"என்கிட்ட கேக்காத. உன் பயம் இப்போ சத்தம் போடுது. அது கத்தி ஓயட்டும். அப்புறம் இன்னா மிச்சம் இருக்குதுன்னு பாரு. அது வேதத்தோட சண்டை போடாம இருந்தா சரி."

ஏரியில் கையால் இறால் தடவும்போது, பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். சலோமி வாய் மூடியிருக்கிற நேரம் அது ஒன்றுதான். அப்படி அவள் பக்கத்தில் பேச்சில்லாமல் தடவிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் பயம் நிஜமாகவே களைத்துப்போனது. அதற்கு அடியில் "அனுப்பு" என்பது மட்டும் இருந்தது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால்தான் அது என் பேச்சு இல்லை என்று தெரிந்தது. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளிடம் சொன்னேன். அவளும் எடுத்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் தோணுது. தப்பாவும் இருக்கலாம்" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் இறால் ஓடிவிடும் என்று பக்கத்திலிருந்த பெண்கள் திட்டினார்கள். பிரிசில்லாவைப் படகேற்றிய அன்று என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

அவளுடைய பறி இப்போது என்னிடம் இருக்கிறது. கடிக்கும் இடத்தில் அவள் பல் பதிந்து தேய்ந்திருக்கிறது. அதே இடத்தில்தான் நானும் கடித்துக்கொள்கிறேன். கர்த்தர் பேரால் யாராவது எதையாவது அவசரமாகச் சொன்னால், "எந்தத் தண்ணி?" என்று கேட்கிற தைரியத்தையும் அவளிடமிருந்து வைத்துக்கொண்டேன்.

நண்டு, உபவாச ஜெபத்தை உன் இடத்திலிருந்து நான் நடத்த வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள். பத்துப் பேர் முன்னால் நின்று ஜெபம் நடத்த எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். நேற்று உன் பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இருந்தபோது, "எந்திரி அண்ணி, போய் நடத்து" என்று உள்ளே தெளிவாகக் கேட்டது. சொன்னது எனக்குப் பிடிக்காதது. ஆனால் குரல் உன் குரல். அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் ஏங்கிக் கிடக்கிறேன். இதை நான் யாருடைய பேச்சு என்று எடுத்துக்கொள்வது?